கப்போர்டு கதவுக்கு ஆட்டோ கீல்: எட்டு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

சமையலறைக் கப்போர்டுகளை நானே அறுத்து, பூட்டி, ஆட்டோ கீல் மாட்டி எட்டு வருடம் ஆகிறது. வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. 2017இல் கிரானைட் மேடைக்குக் கீழே 18 மி.மீ. பிளைவுட்டில் பெட்டிகள், மேலே சுவரில் பெட்டிகள், மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு மளிகை அலமாரி என்று செய்தேன். கதவுகளும் அதே பிளைவுட்தான், இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டியது. கீல்களில் பெரும்பாலானவை ஒரு ஐரோப்பியக் கம்பெனியின் சாஃப்ட் க்ளோஸ் ரகம், அதாவது கதவு அடிக்காமல் கடைசியில் மெதுவாக மூடும் ரகம். பரண் கதவுகளுக்கு மட்டும் சாஃப்ட் க்ளோஸ் இல்லாத சாதாரண ரகம் போட்டேன். அடிக்கடி திறக்காத இடம், அது போதும்.

கீல் வாங்கப் போகும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதுதான். இத்தனை வருடத்தில் என் வீட்டில் ஒரு கீலிலும் ஸ்பிரிங் உடையவில்லை. சாஃப்ட் க்ளோஸும் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் முதல் நாள் போலவே மூடுகின்றன. வந்த தொந்தரவு அத்தனையும் இரண்டு இடங்களில்தான் வந்தது. ஒன்று, ஸ்க்ரூ மரத்தைக் கவ்வும் இடம். இன்னொன்று, ஈரமும் கழுவும் ரசாயனமும் படும் இடம். அதனால் இங்கே கம்பெனிப் பெயர்களைவிட ஓட்டை, ஸ்க்ரூ, துரு ஆகியவற்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

ஆட்டோ கீல் என்று கடையில் சொல்வது வெளியே தெரியாத கீலை. கதவின் உள்பக்கத்தில் 35 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டக் குழி எடுத்து அதில் ஒரு கிண்ணம் உட்காரும். அதிலிருந்து ஒரு கை நீண்டு வந்து, பெட்டியின் பக்கப் பலகையில் அடித்த பிளேட்டில் மாட்டிக்கொள்ளும். பழைய பியானோ கீலிலோ சாதாரண இரும்புக் கீலிலோ கதவு ஒரே அச்சில் சுற்றும். இதில் உள்ளே நான்கைந்து இணைப்புகள் இருப்பதால், கதவு முதலில் கொஞ்சம் வெளியே நகர்ந்து அப்புறம்தான் திரும்பும். பக்கத்துக் கதவுக்கும் இதற்கும் 3 மி.மீ. இடைவெளிதான் இருந்தாலும் உரசாமல் திறப்பது அதனால்தான்.

எனக்கு இதில் பெரிய வசதியாகப் பட்டது மூன்று திசையிலும் சரிசெய்ய முடிவதுதான். நம் வீடுகளில் தரையும் மேடையும் ரசமட்டம் வைத்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. என் கிரானைட் மேடை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விரல் கனம் சரிந்துதான் இருக்கிறது. இரும்புக் கீலாக இருந்திருந்தால் ஒவ்வொரு கதவையும் இழைத்து இழைத்துப் பொருத்த வேண்டியிருக்கும். ஆட்டோ கீலில் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பியே பக்கவாட்டில் இரண்டு மி.மீ., மேலும் கீழும் இரண்டு மி.மீ., முன்னும் பின்னும் இரண்டு மூன்று மி.மீ. நகர்த்திக்கொள்ளலாம்.

சரி, எதை வாங்குவது? கடைக்காரர் முதலில் கேட்பது "சீரோ கிராங்க்கா, எட்டா, பதினாறா?" என்பதுதான். கிராங்க் என்பது கீலின் கையில் உள்ள வளைவு. இந்தக் கேள்விக்குப் பதில் கீலைப் பொறுத்தது இல்லை, நீங்கள் பெட்டியை எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கதவு பெட்டியின் பக்கப் பலகையை முழுக்க மூடி நின்றால் சீரோ கிராங்க். 18 மி.மீ. பலகையில் சுமார் 16 மி.மீ. மூடி, 2 மி.மீ. விட்டு நிற்கும். ஒரே நடுப்பலகையை இரண்டு பக்கக் கதவுகளும் பங்குபோட்டால் ஆளுக்கு ஏழரை, எட்டு மி.மீ.தான் கிடைக்கும். அதற்கு எட்டு கிராங்க். சில கம்பெனியில் ஒன்பது, ஒன்பதரை என்றும் போட்டிருப்பார்கள், வேலை ஒன்றுதான். கதவு பெட்டிக்குள்ளேயே, பலகைகளின் முகத்தோடு சமமாக உட்கார்ந்தால் பதினாறு கிராங்க்.

வீட்டில் தானே செய்பவர்களுக்கு என் யோசனை: நீளமாக ஒரே பெட்டி செய்து நடுவில் தடுப்புப் போடுவதற்குப் பதிலாக, தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்துவிடுங்கள். பலகை கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் எல்லா இடத்துக்கும் சீரோ கிராங்க் ஒரே ரகம் போதும். ஒரே அளவில் துளை, ஒரே அளவில் கதவு, பிற்பாடு மாற்றுக் கீல் வாங்குவதும் சுலபம். ஒரு பெட்டியைத் தனியாக வெளியே இழுக்கவும் முடியும். தொட்டிக்குக் கீழே குழாய் கசிந்தபோது இந்த வசதி எனக்குப் பெரிதும் உதவியது.

கடப்பா கல் தட்டுகள் இருக்கும் பழைய சமையலறைகளில் பெட்டியே இருக்காது. கல்லுக்கு முன்னால் மரச் சட்டம் அடித்து அதில் கதவு மாட்டுவார்கள். என் அக்கா வீட்டில் அப்படித்தான். சட்டத்துக்கு உள்ளே கதவு உட்கார வேண்டும் என்பதால் பதினாறு கிராங்க் போட்டோம். சட்டத்துக்குப் பின்னால் பிளேட் உட்காரப் போதிய அகலம் இல்லை. அதனால் ஒவ்வொரு கீல் வரும் இடத்திலும் சட்டத்தோடு சமமாக ஒரு தேக்குத் துண்டை ஒட்டி, ஸ்க்ரூ போட்டு, அதன்மேல் பிளேட் அடித்தோம். இன்றுவரை அசையவில்லை.

திறக்கும் கோணத்தையும் இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சாதாரணமாகக் கிடைப்பது 105, 110 டிகிரி. பெரும்பாலான கதவுகளுக்கு அது போதும். இரண்டு இடங்களில் போதாது. உள்ளே இழுக்கும் கூடையோ டிராயரோ இருந்தால், 105 டிகிரி திறந்த கதவு கொஞ்சம் வாசலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், கூடையை இழுக்கும்போது அதன் விளிம்பு கதவில் உரசும். அந்த இடத்துக்கு 155 அல்லது 165 டிகிரி கீல் வேண்டும், இல்லாவிட்டால் கூடையை உள்பக்கமாகத் தள்ளிப் பொருத்த வேண்டும். இரண்டாவது இடம் கேஸ் சிலிண்டர் வைக்கும் அலமாரி. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் சிலிண்டர் மேடைக்குக் கீழேதான். அடிப்பலகை இல்லாத பெட்டி, கதவின் கீழ்ப்பாகத்தில் காற்று போக நீளமான துளைகள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும் என்பதால் கீழே காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். இந்தக் கதவுக்கும் மற்றவை போல 105 டிகிரி கீல்தான் போட்டிருந்தது. வீட்டுச் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பும் சேர்ந்தால் 30 கிலோவுக்கு நெருக்கமாக வரும். அதைச் சாய்த்து உருட்டி வெளியே எடுக்கும்போது கதவில் இடிக்காமல் எடுப்பது சிரமம். திறந்து நிற்கும் கதவை மேலும் வெளிப்பக்கம் தள்ளினால் கீல் அதற்கு மேல் விரியாது. அந்த விசை முழுக்க நெம்புகோலாக மாறி, பிளேட்டில் உள்ள இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள்மேல் விழும். மூன்றாம் வருடத்தில் மேல்கீலின் பிளேட் பலகையிலிருந்து ஒரு நூல் அளவு விலகி நின்றது. பக்கத்தில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்க்ரூ துளையைச் சுற்றி மைக்கா கூடாரம் மாதிரி மேலே தூக்கி நின்றது. ஸ்க்ரூவைக் கழற்றியதும் அதன் மரைகளில் பிளைவுட் நார் பஞ்சு பஞ்சாகச் சுற்றிக்கொண்டு வந்தது. மரம் ஸ்க்ரூவை விட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இதற்கு நான் செய்த வைத்தியம், பிளேட்டை ஸ்க்ரூவுக்குப் பதிலாக போல்ட்டில் பூட்டியது. பக்கப் பலகையில் ஊடுருவித் துளை போட்டு, 4 மி.மீ. போல்ட், மறுபக்கம் அகலமான வாஷர், நட். பக்கத்துப் பெட்டியின் உள்ளே நட் தெரியும்தான், ஆனால் அது எண்ணெய் டின்கள் வைக்கும் இடம், யார் பார்க்கப் போகிறார்கள். கீலையும் 165 டிகிரிக்கு மாற்றினேன். இப்போது கதவு பக்கத்துக் கதவோடு படிந்து ஒதுங்கிவிடுகிறது. அதற்கும் மேலாக ஒரு வசதியைக் காட்டிக்கொடுத்தவர் சிலிண்டர் கொண்டுவரும் தம்பிதான். கிளிப் கீலைப் பார்த்துவிட்டு, "சார், இது கிளிப்பு தான சார், கதவையே கழட்டிட்டா ஒரு நிமிஷத்துல மாத்திரலாம்" என்றார். பின்முனையில் உள்ள நாக்கை அழுத்தினால் கை பிளேட்டிலிருந்து விடுபடும். கதவைத் தூக்கி சுவரோரம் சாய்த்துவிட்டுச் சிலிண்டரை மாற்றி, மறுபடி அமுக்கினால் டக்கென்று உட்காரும். சரிசெய்து வைத்த அளவும் மாறுவதில்லை. அன்றிலிருந்து சிலிண்டர் வரும் நாளில் கதவு கழன்றுதான் நிற்கிறது.

கடையில் ஸ்லைட் ஆன், கிளிப் ஆன் என்று இரண்டு வகை காட்டுவார்கள். ஸ்லைட் வகையில் கையைப் பிளேட்டில் நுழைத்து ஸ்க்ரூவால் இறுக்க வேண்டும், விலை குறைவு. கிளிப் வகை கொஞ்சம் கூடுதல் விலை. பரணுக்கு ஸ்லைட் போதும். ஏணியில் நின்றுகொண்டு கழற்றி மாட்டுவது சிரமம்தான், ஆனால் பரண் கதவை யாரும் அடிக்கடி கழற்றப் போவதில்லை. கீழ்க் கப்போர்டுகளுக்குக் கிளிப் வகையை யோசிக்காமல் வாங்கலாம். கதவைச் சிங்க்கில் வைத்துக் கழுவித் துடைத்து மாட்டுகிற சுகம் அதில்தான் கிடைக்கும்.

இனி துளை போடும் வேலை. 35 மி.மீ. குழிக்கு அதற்கென்றே தட்டையான பிட் கிடைக்கிறது. மைக்கா வெட்டும்போது சாதாரண எஃகு பிட் சீக்கிரம் மழுங்கிவிடும், கார்பைடு முனை வைத்ததை வாங்குங்கள். குழியின் ஆழம் பெரும்பாலான கீல்களுக்கு 12 மி.மீ. போதும், சிலவற்றுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும், டப்பாவில் போட்டிருப்பார்கள். 18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டினால் கதவு 20 மி.மீ. கனம் வரும். குழி போக 8 மி.மீ. மிச்சம். ஆனால் பிட்டின் நடுமுனை குழியைவிட இரண்டு மூன்று மி.மீ. ஆழமாக இறங்கும். மெல்லிய கதவில் அது முன்பக்க மைக்காவில் பொட்டுப் போல மேலே துருத்தும். அதனால் முதல் குழியை எப்போதும் வெட்டி மிஞ்சிய துண்டில்தான் போட வேண்டும். ஆழத்துக்கு பிட்டில் டேப் சுற்றுவதைவிட, நிறுத்தும் வளையம் வைத்த ஜிக் (பிட்டை நேராகப் பிடித்து வழிகாட்டும் சட்டம்) வாங்கினால் கை நடுங்கினாலும் துளை சாயாது.

கதவின் ஓரத்திலிருந்து குழியின் விளிம்புக்கு 3 முதல் 6 மி.மீ. வரை விடலாம். நான் எல்லாக் கதவுக்கும் 5 வைத்தேன். குழியின் மையம் ஓரத்திலிருந்து 22.5 மி.மீ.யில் வரும். இந்த எண்ணை மனதில் வையுங்கள், ஏனென்றால் இதைக் கூட்டிக் குறைத்தால் கதவு பலகையை மூடும் அளவும் அதே அளவு கூடிக் குறையும். 1 மி.மீ. உள்ளே தள்ளினால் கதவு 1 மி.மீ. கூடுதலாக மூடும். அதேபோல் பிளேட்டின் உயரம் 2 மி.மீ. கூடினால் மூடும் அளவு 2 மி.மீ. குறையும். இந்த இரண்டு கணக்கும் தெரிந்தால், பழைய பெட்டிக்குப் புதிய கதவு செய்யும்போதுகூட எந்தக் கீல் வாங்குவது என்று தடுமாற வேண்டியதில்லை.

பெட்டியில் பிளேட்டின் ஸ்க்ரூ கோடு முன் விளிம்பிலிருந்து 37 மி.மீ. இரண்டு ஸ்க்ரூக்களுக்கு நடுவே 32 மி.மீ. இது ஐரோப்பிய முறை, ப்ளூம், ஹெட்டிக், ஹாஃபலே, நம் ஊர் எப்கோ என்று எதை வாங்கினாலும் அநேகமாக இதுதான். கதவு உள்ளே உட்காரும் பதினாறு கிராங்க்கில் இந்த 37உடன் கதவின் கனத்தையும் கூட்ட வேண்டும். 20 மி.மீ. கதவென்றால் 57. கதவின் மேலிருந்தும் கீழிருந்தும் 80 முதல் 100 மி.மீ. தள்ளிக் குழி போடுவது வழக்கம். அதற்கு முன் உள்ளே தட்டு எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தட்டும் பிளேட்டும் ஒரே இடத்தில் வந்தால் இரண்டில் ஒன்றை நகர்த்தத்தான் வேண்டும்.

கிண்ணத்தை இறுக்கும் இரண்டு ஸ்க்ரூக்களின் இடைவெளியில் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. ப்ளூமில் 45 மி.மீ., மையத்திலிருந்து 9.5 தள்ளி. ஹெட்டிக்கில் 52, 5.5 தள்ளி. வேறு சிலவற்றில் 48, 6 தள்ளி. ஆகவே பிற்பாடு வேறு கம்பெனிக்கு மாறினால் 35 மி.மீ. குழி அப்படியே பொருந்தும், ஸ்க்ரூத் துளைகளை மட்டும் புதிதாகப் போட வேண்டும். கையும் பிளேட்டும் மட்டும் எப்போதும் ஒரே கம்பெனி, ஒரே வரிசையாக இருக்க வேண்டும். ஒரு கம்பெனியின் கை இன்னொன்றின் பிளேட்டில் உட்கார்வது போலத் தோன்றும், சில நாளில் ஆட்டம் கொடுக்கும்.

ஸ்க்ரூ விஷயத்தில் எனக்கு உதவியது பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருக்கும் தச்சர் ஒருவர். பலகைகளை அவர் பட்டறையில்தான் நேராக அறுத்தேன். "ஸ்க்ரூவ மெஷின்லயே கடைசி வரைக்கும் முறுக்காதீங்க சார். கடைசி ரெண்டு சுத்து கையில குடுங்க. மரம் கவ்வுறது கைக்குத்தான் தெரியும்" என்றார். அவர் சொன்னபடியே செய்தேன். 3.5 மி.மீ. கனம், 16 மி.மீ. நீளமுள்ள ஸ்க்ரூவுக்கு முதலில் 2.5 மி.மீ. பிட்டில் வழித்துளை. மெஷினில் முக்கால்வாசி, மீதி கையில். இம்பாக்ட் டிரைவர் வைத்து ஒரே அடியாக இறக்கினால் பிளைவுட்டின் அடுக்குகளுக்குள் மரை பிய்ந்து, ஸ்க்ரூ அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அன்றைக்குப் பிடித்தது போல இருக்கும். இரண்டு மழைக்காலம் தாண்டினால் கதவு தொங்கும்.

இன்னொன்று, இதைக் கவனித்துச் செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கீலில் உள்ள ஸ்க்ரூக்களின் தலையை உற்றுப் பாருங்கள். ஸ்டார் போல நான்கு கைகள் இருக்கும். அந்தக் கைகளுக்கு நடுவே மூலைவாட்டில் மெல்லிய நான்கு கோடுகளும் இருக்கும். அது நாம் எல்லோரும் வைத்திருக்கும் சாதாரண ஸ்டார் இல்லை, போஸிடிரைவ். அதற்கு பிஇசட் 2 என்று பொறித்த பிட் வேண்டும். சாதாரண ஸ்டார் பிட் அதில் முழுதாக உட்காராது, கொஞ்சம் அழுத்தினால் நழுவி ஏறும், ஒவ்வொரு நழுவலுக்கும் தலை கொஞ்சம் வழித்துக்கொண்டு போகும். சரிசெய்யும் ஸ்க்ரூவின் தலை வழிந்துவிட்டால் அந்தக் கீலை அப்புறம் எதற்கும் நகர்த்த முடியாது. ஒரு நல்ல பிஇசட் 2 ஸ்க்ரூடிரைவரின் விலை ஒரு கீலின் விலைக்குக் குறைவுதான். சமையலறை டிராயரிலேயே ஒன்று போட்டு வையுங்கள்.

எத்தனை கீல் என்பதற்குக் கம்பெனிகள் தரும் பொதுவான பட்டியல்: 900 மி.மீ. உயரம் வரை 2, 1600 வரை 3, 2000 வரை 4, அதற்கு மேல் 5. இது சுமார் 600 மி.மீ. அகலத்துக்கு உட்பட்ட கதவுக்கு. இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டிய 18 மி.மீ. பிளைவுட் சதுர மீட்டருக்கு 13 முதல் 15 கிலோ வரும் என்று வைத்துக் கணக்குப் பார்க்கலாம். என் மளிகை அலமாரிக் கதவு 1900 உயரம், 450 அகலம். பட்டியல்படி 4 போதும். கதவின் உள்பக்கத்தில் மசாலா டப்பாக்களுக்கு சின்னத் தட்டுகள் அடிக்கப் போகிறோம் என்பது முன்பே தெரிந்ததால் 5 போட்டேன். கூடுதலானதை மேல்கீலுக்கு அருகில் வைத்தேன், ஏனென்றால் கதவின் கனம் மேல்கீலைத்தான் வெளியே இழுக்கும், கீழ்க்கீலை உள்ளேதான் தள்ளும். இத்தனை வருடத்தில் அந்தக் கதவை ஒரே ஒரு முறைதான் சரிசெய்ய வேண்டி வந்தது.

கதவு வளைவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வீட்டுக்குள் ஈரம் ஏறும்போது, ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டிய கதவு ஒட்டாத பக்கம் உப்பி வளையும். அதைக் கீலை முறுக்கி நேராக்க முடியாது. உள்பக்கத்துக்கும் அதே கனத்தில் மைக்கா ஒட்டுங்கள், விலை மலிந்த வெள்ளை நிறமே போதும். நான்கு ஓரத்துக்கும் எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் மெல்லிய பட்டை) ஒட்டுங்கள், கண்ணுக்குத் தெரியாத கீழ் ஓரத்துக்கும் சேர்த்து. தரை துடைக்கும் தண்ணீர் ஏறுவது அங்கேதான்.

இப்போது துரு. கடல் காற்று வீசும் வீடு என்பதால் முதலில் பயந்தது உப்புக்குத்தான். ஆனால் மேல் பெட்டிகளின் கீல்கள் எட்டு வருடத்துக்குப் பிறகும் பளபளப்பு கொஞ்சம் மங்கியதோடு சரி, துரு இல்லை. கெட்டுப்போனது சிங்க்குக்குக் கீழே இருந்த ஜோடி. கிண்ணத்தின் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்து, அப்புறம் பழுப்பு, கடைசியில் பிளேட் ஸ்க்ரூவைச் சுற்றி மைக்காவில் டீக்கறை போல வட்டம். குழாய்க் கசிவு ஒரு காரணம். பெரிய காரணம் அங்கே வைத்திருந்த கழிவறை ஆசிடும் பிளீச்சும். கழிவறை ஆசிடில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூடி இறுக்கமாக இருந்தாலும் அதன் ஆவி கசியும், மூடிய பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி நிக்கல் பூச்சைத் தின்னும். பாட்டில்களைப் பின்பக்க பால்கனிக்கு மாற்றி, அந்தக் கதவுக்கு மட்டும் 304 ரக எவர்சில்வர் கீல் போட்டேன். துருவை அந்த அளவுக்குத் தாங்காத 202 ரகமும் கடையில் எவர்சில்வர் என்றுதான் விற்கிறார்கள். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டிலும் அநேகமாக ஒட்டாது. பாரிமுனைப் பக்கம் சில கடைகளில் சோதனைத் திரவம் வைத்திருக்கிறார்கள், ஒரு சொட்டு விட்டால் நிறம் சொல்லிவிடும். கூடவே வரும் ஸ்க்ரூவும் எவர்சில்வர்தானா என்று பாருங்கள். கீல் பளபளத்து ஸ்க்ரூ துருப்பிடித்தால் பிரயோஜனம் இல்லை.

அந்தக் கதவில் புதுக் கீல் மாட்டும் முன் குழியின் உள்சுவரிலும் ஸ்க்ரூத் துளையிலும் வார்னிஷ் தடவி ஒரு நாள் காயவிட்டேன். மைக்காவும் எட்ஜ் பேண்டும் மூடாத பச்சை மரம் கதவில் அந்தக் குழி ஒன்றுதான், ஈரம் அந்த வழியாகத்தான் போகும். புதிதாகச் செய்பவர்கள் எல்லாக் கதவுக்கும் முதல் நாளே இதைச் செய்துவிடலாம்.

பலகையின் ரகமும் இங்கேதான் கணக்குக்கு வருகிறது. நான் போட்டது ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள பிளைவுட், மரைன் என்று கடையில் சொல்வார்கள். ஐஎஸ் 303இல் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) ரகமும் கீழ்ப் பெட்டிகளுக்குத் தாங்கும். அதே 303இல் எம்ஆர் (ஈரப்பதம் மட்டும் தாங்கும்) ரகத்தை சிங்க் பக்கம் கொண்டுவராதீர்கள். என் மாமியார் வீட்டில் ஒரு நிறுவனம் மாடுலர் கிச்சன் என்று போட்டுக்கொடுத்தது முழுக்கத் துகள் பலகை. கீல்கள் நல்ல கம்பெனிதான், என் வீட்டில் இருப்பதைவிட விலை கூடியது. சிங்க் ஓரம் ஒருமுறை தண்ணீர் இறங்கியதும் பலகை பொரி போல உப்பி, பிளேட் ஸ்க்ரூவோடு கையில் வந்துவிட்டது. அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டால் "கீலுக்குத்தான் வாரண்டி, பலகைக்கு இல்லை" என்றார்கள். எனக்கு இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது. பணம் வாங்கும்போது மொத்தச் சமையலறைக்கு வாங்கிவிட்டு, பொறுப்பு ஏற்கும்போது உதிரி பாகமாகப் பிரிப்பது நியாயமே இல்லை.

ஸ்க்ரூ பிடி விட்ட துளைக்குத் தீக்குச்சியும் ஃபெவிகாலும் வைத்து அடைப்பதை எல்லோரும் செய்கிறார்கள். லேசான கதவுக்கு அது கொஞ்ச காலம் ஓடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் அந்தத் துளையை 8 மி.மீ. பிட்டில் பெரிதாக்கி, அதே கனத்தில் தேக்கு முளையை ஃபெவிகாலோ அரால்டைட்டோ போட்டு அடித்து இறக்கி, ஒரு நாள் விட்டு, சமமாக அரிந்து, நடுவில் புதிய வழித்துளை போடுங்கள். மாமியார் வீட்டுக் கதவில் பலகை உப்பாத இடமாகப் பார்த்து பிளேட்டை நகர்த்தி இப்படித்தான் மாட்டிக்கொடுத்தேன்.

சாஃப்ட் க்ளோஸ் பற்றிப் பலர் கேட்கிறார்கள், தேவையா என்று. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கண்டிப்பாக நல்லது, விரல் நசுங்காது. கதவு டப்பென்று அடிக்காததால் ஸ்க்ரூவுக்கும் ஆயுள் கூடும் என்பது என் எண்ணம். ஒரே ஒரு இடத்தில்தான் அது தொந்தரவு. 200 மி.மீ. அகலத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, எண்ணெய் பாட்டில்களுக்கு. கதவு லேசானது, இரண்டு கீலின் தடையும் சேர்ந்ததும் கடைசி விரற்கடை மூடாமல் நின்றது. கையில் சின்ன ஒரு விசை இருக்கிறது, அதைத் தள்ளினால் அந்தக் கீலின் சாஃப்ட் க்ளோஸ் மட்டும் அணைந்துவிடும். கீழ்க்கீலில் அணைத்ததும் சரியாகிவிட்டது. வாங்கும்போது அந்த விசை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அடுப்புக்குப் பக்கத்துக் கதவுகளில் தாளிப்பு எண்ணெய்ப் புகை படிந்து, தூசியும் சேர்ந்து, கீலின் கையில் கறுப்புப் பிசினாக ஒட்டும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்திவிடுவேன். எண்ணெய் எதுவும் விடுவதில்லை, விட்டால் தூசி இன்னும் சேரும். கரப்பான் தொல்லை உள்ளவர்கள் கிண்ணத்துக்குள்ளும் பிளேட்டுக்குப் பின்னாலும் பாருங்கள். இருட்டும் கதகதப்புமாக இருப்பதால் முட்டைக் கூட்டை அங்கேதான் ஒட்டுகின்றன. கிண்ணத்துக்கு பிளாஸ்டிக் மூடி தனியாகக் கிடைக்கும், வாங்கிப் போடலாம்.

கதவு தொங்கினால் சரிசெய்வது சுலபம். முதலில் உயரம், அப்புறம் பக்கவாட்டு, கடைசியில் ஆழம் என்ற வரிசையில் போங்கள். கைப்பிடிப் பக்கம் கீழே இறங்கியிருந்தால் மேல்கீலின் முன் ஸ்க்ரூவைத் திருப்பிக் கதவைக் கீல் பக்கம் இழுங்கள், கீழ்க்கீலில் அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். ஒரு நேரத்தில் கால் சுற்று, மூடிப் பார்த்து மறுபடி கால் சுற்று. இப்படிச் செய்தும் ஒரு வாரத்தில் மறுபடி இறங்கினால் சரிசெய்வதை நிறுத்திவிட்டு, பிளேட் ஸ்க்ரூவைக் கழற்றி அதன் மரையில் நார் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து என் தம்பி வீட்டுக்குச் செய்யப் போகிறேன், அவன் இருப்பது கோவையில். உப்புக் காற்று இல்லாததால் அங்கே சாதாரண நிக்கல் பூச்சுக் கீலே போதும். சிங்க்குக்கு மட்டும் 304, சிலிண்டர் கதவுக்கு முதல் நாளே போல்ட்டும் 165 டிகிரியும். கூடவே ஒவ்வொரு ரகத்திலும் ஒரு ஜோடி அதிகம் வாங்கிப் பரணில் போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். என் கீல்களின் வரிசையைக் கம்பெனி நிறுத்திவிட்டு வேறு கொண்டுவந்துவிட்டது, பழைய பிளேட்டுக்குப் பொருந்தும் கை இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை.